திதி பார்த்துக் கிளம்புங்கள்: மும்பையின் உப்பங்கழியைப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

மான்குர்த் தாண்டி ரயில் வாஷிப் பாலத்தில் ஏறும்போது பெட்டியில் பாதிப் பேர் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள். அடுத்த முறை இடது பக்க ஜன்னலுக்கு வந்து நில்லுங்கள். வடக்கே பழுப்பு நிறத்தில் ஒரு சேற்றுவெளி, அதன் இரு கரையிலும் குட்டையான பச்சைக்காடு. ஜனவரி முதல் மே வரை, கடல் வற்றியிருக்கும் நேரமாக அமைந்தால், அந்தச் சேற்றின் மேல் வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு கோடு தெரியும். அவை பூநாரைகள் (ஃபிளமிங்கோ). மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கணக்கெடுப்புகளில் ஒரு லட்சத்துக்கும் மேல் வந்த வருஷங்கள் உண்டு.

தாராவியில் பிறந்து வளர்ந்து, இப்போது முலுண்டில் குடியிருக்கிறேன். இந்தக் கழியை எட்டு வருஷமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். "எப்போ போகணும், எங்கே நிக்கணும்" என்று கேட்கும் நம் ஆட்களுக்கு ஒவ்வொரு முறையும் போனில் சொல்வதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

முதல் படி: எதைப் பார்க்கப் போகிறோம்

தானே ஊரிலிருந்து தெற்கே மும்பைத் துறைமுகம் வரை சுமார் 26 கி.மீ. நீளத்துக்கு ஓடுகிறது தானே கழி. மராட்டியில் 'காடி' என்பார்கள். நதி மாதிரி தெரிந்தாலும் உள்ளே ஏறி இறங்குவது கடல்தான். இதில் ஐரோலிப் பாலத்துக்கும் வாஷிப் பாலத்துக்கும் நடுவே உள்ள சுமார் 1,690 ஹெக்டேரை மகாராஷ்டிர அரசு 2015 ஆகஸ்டில் பூநாரை சரணாலயமாக அறிவித்தது. 2022-ல் ராம்சார் தலமாகவும், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாகவும் ஆனது.

கழியின் நடுவிலிருந்து கரையை நோக்கி வந்தால் நிலம் நான்கு தட்டாக மாறும். முதலில், கடல் வற்றும்போது மட்டும் வெளியே தெரியும் சேற்றுத்திட்டு. அடுத்து, ஏற்றத்தில் பாதி முழுகி நிற்கும் அலையாத்திக் காடு. அதன் பின்னால், அமாவாசை பௌர்ணமி வெள்ளம் மட்டுமே எட்டிப்பார்க்கும் உவர்நிலம். அங்கே முழங்காலுக்குக் கீழேயே படர்ந்து கிடப்பது உமரி. தூத்துக்குடிப் பக்கத்து ஆட்களுக்கு இந்தச் செடியை நான் அறிமுகம் செய்ய வேண்டாம், வெயில் ஏற ஏறச் சிவந்துவிடும் அதே உமரிதான். கடைசித் தட்டு, மனிதன் வரப்பு கட்டிய உப்பளம். இந்த நான்கையும் மனதில் வைத்துக்கொண்டால் எந்த உயிரினத்தை எங்கே தேடுவது என்பது பாதி விளங்கிவிடும்.

இரண்டாம் படி: மாதம்

இதை நீட்ட வேண்டியதில்லை. சைபீரியா, மத்திய ஆசியாப் பக்கமிருந்து வரும் கரைப்பறவைகள் ஆகஸ்ட் கடைசியிலேயே தலைகாட்டும், ஏப்ரலில் கிளம்பிவிடும். பூநாரைகள் நவம்பர் வாக்கில் வரத் தொடங்கி, மழைக்கு முன் மே, ஜூனில் போகும். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஜனவரி முதல் மார்ச் வரை சரியான காலம். மழைக்காலத்தில் கரையில் நடப்பது ஆபத்து, விட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: திதிக் கணக்கு

இந்தப் படியைத் தவறவிடுபவர்கள்தான் "போனோம், ஒண்ணுமே இல்ல" என்று திரும்பி வருகிறார்கள். நானும் முதல் தடவை சிவ்ரிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வேலையெல்லாம் முடித்துவிட்டு, மதியம் ஒரு மணிக்குப் போய் நின்றேன். கண்ணுக்கு எட்டிய வரை சேறு. பூநாரைகள் ஒரு கிலோமீட்டருக்கும் அப்பால், கானலில் நடுங்கும் புள்ளிகளாக இருந்தன. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த, கோலி என்னும் மீனவ சமூகத்துப் பெரியவர் ஒருவர், "இன்னிக்கு ஓஹோட்டி இப்பத்தான். நாலு மணிக்கு மேல வா, அதுங்களே உன்கிட்ட வரும்" என்று இந்தியில் சொன்னார். நான்கரைக்கு அப்படியேதான் நடந்தது. தண்ணீர் ஏற ஏற, அதன் விளிம்போடு பறவைகளும் கரையை நோக்கி நகர்ந்து வந்தன.

ஓஹோட்டி என்றால் வற்றம், பர்த்தி என்றால் ஏற்றம். மும்பைக் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஆறேகால் மணி நேரம். மறுநாள் அதே ஏற்றம் முக்கால் மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகத் தள்ளிப்போகும். பெரிய ஏற்ற நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் ஐந்து மீட்டர் வரை போகும். கன்னியாகுமரி, தூத்துக்குடிக் கடலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது பெரிய ஆச்சரியம். அங்கே ஒரு மீட்டர் அளவுக்குத்தான் ஏறி இறங்கும்.

நேரத்தைக் கண்டுபிடிக்கக் கொங்கணக் கரையில் ஒரு பழைய வாய்ப்பாடு இருக்கிறது. திதியை முக்காலால் பெருக்கு, வருவது ஏற்றம் நிறையும் மணி. அவ்வளவுதான். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் திதி இருக்கிறதே, அது போதும். பிரதமை 1, துவிதியை 2 என்று எண்ணி, அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் 15 என்று வைத்துக்கொள்ளுங்கள். வளர்பிறை, தேய்பிறை இரண்டுக்கும் ஒரே கணக்கு.

உதாரணம், இன்று தசமி. பத்தை முக்காலால் பெருக்கினால் ஏழரை. காலை ஏழரைக்கு ஏற்றம் நிறையும். ஆறேகால் மணி நேரம் கூட்டினால் பகல் ஒன்றே முக்காலுக்கு முழு வற்றம். இரவு எட்டு வாக்கில் மறுபடி ஏற்றம். சப்தமி என்றால் ஐந்தேகாலுக்கு ஏற்றம், பதினொன்றரைக்கு வற்றம். அரை மணி, முக்கால் மணி முன்னே பின்னே ஆகலாம். அதனால் நாளைத் தேர்ந்தெடுக்கத் திதியைப் பாருங்கள், கிளம்புவதற்கு முன் போனில் மும்பையின் ஏற்ற இறக்க அட்டவணையில் நிமிஷத்தைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் அதிகமாக ஏறி அதிகமாக வற்றும். கோலிகள் அதை 'உதான்' என்பார்கள். அஷ்டமி, நவமியை ஒட்டி ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. அதற்குப் பெயர் 'பாங்'. இந்த இரண்டையும் சேர்த்தால் எந்த நாளில் எந்த இடம் என்பது தானாக வந்துவிடும். சேறு முழுகும்வரை பறவைகள் சேற்றில் மேயும். முழுகியதும் நிற்க இடமில்லாமல் கரைக்கு உள்ளே இருக்கும் ஆழமற்ற குளங்களுக்கும் உப்பளங்களுக்கும் பறந்து வந்து ஓய்வெடுக்கும்.

ஆகவே நவமி, தசமி, ஏகாதசி நாட்களில் மாலை சிவ்ரிக்குப் போங்கள். மதியம் வற்றிய தண்ணீர் நான்கு மணியிலிருந்து ஏறிக்கொண்டிருக்கும், பறவையும் கிட்டே வரும். அமாவாசையும் பௌர்ணமியும், அவற்றுக்கு முன்பின் ஒரு நாளும் முற்பகலில் நேருல் பக்கத்து ஏரிகளுக்குப் போங்கள். பதினொன்று, பன்னிரண்டு மணி ஏற்றத்தில் கழி நிரம்பி, பூநாரைகள் ஏரிக்குள் வந்து நிற்கும்.

நான்காம் படி: எங்கே நிற்பது

சிவ்ரி: ஹார்பர் லைனில் இறங்கி, கிழக்குப் பக்கம் வெளியே வந்து, துறைமுக நிலத்தின் வழியே கடற்கரையில் இருக்கும் பழைய படகுத்துறைக்கு நடக்கலாம், டாக்ஸியும் கிடைக்கும். படகுத்துறை கிழக்கு பார்த்தது. காலையில் சூரியன் முகத்தில் அடிக்கும், பறவைகள் கறுப்பு நிழலாகத் தெரியும். மாலையில் வெயில் நம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், ரோஜா நிறம் அப்படியே எழும்பும். 1990-களின் நடுவில் பூநாரைகள் பெருவாரியாக வரத் தொடங்கியது இங்கேதான். 2024 ஜனவரியில் திறந்த 21.8 கி.மீ. கடல்பாலம் இந்தச் சேற்றின் மேலேதான் தொடங்குகிறது. வேலை ஆரம்பித்ததிலிருந்து பறவைகள் முன்பு போல நிச்சயமாக வருவதில்லை. ஆனாலும் தாராவி, வடாலா, ஆன்டாப் ஹில் ஆட்களுக்கு மிக அருகில் இருப்பது இதுதான், கரைப்பறவைகள் குறைவில்லாமல் வருகின்றன.

ஐரோலி: வனத்துறையின் சதுப்புநிலப் பிரிவு நடத்தும் கடலோர, கடல்சார் பல்லுயிர் மையம் இங்கே இருக்கிறது. தானேயிலிருந்து வாஷி போகும் ரயிலில் ஐரோலியில் இறங்கி ஆட்டோ பிடித்தால் போதும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த இடத்தைத்தான். காட்சிக்கூடம் இருக்கிறது, அலையாத்திக்குள் மரநடைபாதை இருக்கிறது, சரணாலயத்துக்குள் படகு போகிறது. தண்ணீர் இருந்தால்தான் படகு மிதக்கும் என்பதால் நேரத்தைக் கடல்தான் முடிவு செய்யும், முன்பதிவு செய்துவிட்டே போங்கள். படகிலிருந்து பார்க்கும்போது காலை வெயில் நமக்குப் பின்னால் இருக்கும்படி மேற்குக் கரையைப் பார்த்து உட்காருங்கள்.

பாண்டூப் நீரேற்று நிலையச் சாலை: கிழக்கு விரைவு நெடுஞ்சாலையிலிருந்து கழியை நோக்கி இறங்குகிறது. ஒரு பக்கம் உப்பளம், மறுபக்கம் நாணல், கடைசியில் அலையாத்தி. விடியற்காலை ஆறரை மணிக்கு இதைவிட நல்ல இடம் இந்த நகரத்தில் எனக்குத் தெரியாது. இங்கே திதி அவ்வளவு முக்கியமில்லை. வரப்பில் ஓய்வெடுக்கும் பறவைகளைப் பார்க்க ஏற்ற நேரம் நல்லது, அவ்வளவுதான். நிலையத்தின் கட்டிடங்களைப் படம் எடுக்காதீர்கள். காவலர் நிறுத்தினால் திரும்பிவிடுங்கள்.

நேருல்: சீவுட்ஸ் ஸ்டேஷனில் இறங்கினால் அடுக்குமாடிகளுக்குப் பின்னால் மூன்று நான்கு நீர்நிலைகள். இவற்றுக்குக் கடல்நீர் வரும் வாய்க்கால்தான் உயிர். 2024 கோடையில் 30 ஏக்கர் ஏரி ஒன்றில் அந்த வாய்க்கால் அடைபட்டு நீர் வரத்து நின்றுபோனது. ஏரி காய்ந்தது, பூநாரைகள் செத்தன. பகுதி மக்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகு, 2025-ல் அந்த ஏரியைப் பாதுகாப்பகமாக்க மாநில வனவிலங்கு வாரியம் ஒப்புதல் தந்தது.

தாராவிக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. ரயில் ஏற முடியாத நாளில் சயான் - பாந்த்ரா இணைப்புச் சாலையில் இருக்கும் மகாராஷ்டிரா இயற்கைப் பூங்காவுக்குப் போய்வாருங்கள். குப்பை கொட்டிய மேட்டின் மேல் மரம் நட்டு 1994-ல் திறந்த 37 ஏக்கர் காடு அது. அதன் பின்னால் மித்தி நதியோரம் அலையாத்தி நிற்கிறது.

ஐந்தாம் படி: பறவைக்கு முன்னால் சேறு

தொலைநோக்கியை எடுப்பதற்கு முன் பத்து நிமிஷம் காலடியைப் பாருங்கள்.

தானே கழியில் அதிகம் இருப்பது வெண்கண்டல். சேற்றிலிருந்து பென்சில் நட்டது மாதிரி நூற்றுக்கணக்கில் நீட்டிக்கொண்டிருப்பவை அதன் மூச்சுவேர்கள். சேற்றுக்குள் காற்று கிடையாது, அதனால் வேர் மேலே வந்து மூச்சு விடுகிறது. இந்த மரம் கடல்நீரை உறிஞ்சிவிட்டு, அதிகப்படி உப்பை இலை வழியாக வெளியே தள்ளும். மழை இல்லாத ஒரு மார்ச் காலையில் இலையைப் பறிக்காமல், கிளையிலேயே வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பாருங்கள். மாவு தூவியது போல நுண்ணிய மணிகள் மின்னும். விரலால் ஒற்றி நாக்கில் வைத்தால் சுத்தமான உப்பு. என் மகள் இதைச் செய்துபார்த்த நாளிலிருந்து அந்த மரத்துக்கு 'உப்பு மரம்' என்றே பெயர் வைத்துவிட்டாள்.

கூடவே கழுதைமுள்ளியையும் தேடுங்கள். முள் இலை, ஊதாப்பூ. சங்கப் பாட்டில் நெய்தல் நிலத்தில் வரும் முண்டகம் இதுதான் என்று தாவர அறிஞர்கள் சொல்கிறார்கள். தில்லை மரமும் இந்தக் கரையில் இருக்கிறது. சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே தில்லை, இலை உதிர்வதற்கு முன் செக்கச்செவேல் என்று சிவக்கும். அதன் பால் கண்ணில் பட்டால் எரிச்சல் தாங்காது. கிளையை ஒடிக்கவே வேண்டாம்.

வற்றம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆனதும் சேறு அசைய ஆரம்பிக்கும். ஒரு கை மட்டும் பெருத்த ஆண் நண்டுகள் வளையிலிருந்து வெளியே வந்து, அந்தக் கையை வா வா என்பது போல மேலும் கீழும் ஆட்டும். கூப்பிடுவது பெண் நண்டை. பக்கத்து ஆணை மிரட்டவும் அதே கைதான். அவற்றின் நடுவே விரல் நீள மீன் ஒன்று, துடுப்பை ஊன்றிச் சேற்றில் தத்தித் தத்திப் போகும். கோலிகள் அதை 'நிவ்டி' என்பார்கள். உச்சந்தலையில் தவளை மாதிரி இரண்டு கண்கள். தோல் ஈரமாக இருக்கும் வரை வெளிக்காற்றிலேயே மூச்சு விடும். நம் நிழல் அதன் மேல் பட்டால் நொடியில் வளைக்குள் போய்விடும். அசையாமல் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் மறுபடி வரும், முதலில் இரண்டு கண் மட்டும்.

இந்தக் காட்டில் நரிகளும் இருக்கின்றன. நகரத்துக்குள் நரியா என்று கேட்காதவர் இல்லை. ஐரோலி, விக்ரோலிப் பக்கத்து அலையாத்திகளில் அவை வாழ்கின்றன. பெரும்பாலும் நமக்குக் கிடைப்பது காய்ந்த சேற்றில் பதிந்த கால்தடம் மட்டும்தான்.

ஆறாம் படி: பறவைகளைப் பிரித்து அறிவது

இங்கே வருபவை இரண்டு வகைப் பூநாரைகள். பெரும் பூநாரை கிட்டத்தட்ட வெள்ளை, அலகு வெளிர் ரோஜா நிறம், நுனி மட்டும் கறுப்பு. சிறு பூநாரை குள்ளம், நிறம் அடர்த்தி, அலகு முழுதும் கருஞ்சிவப்பு. தானே கழியில் பெரும்பான்மை சிறு பூநாரைதான்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அது மேய்வதை மட்டும் கவனியுங்கள். தலையைத் தலைகீழாகக் கவிழ்த்து, அலகின் மேல்பக்கம் கீழே இருக்கும்படி தண்ணீரில் வைத்து, இடமும் வலமுமாக வீசிக்கொண்டே நடக்கும். உள்ளே நாக்கு பம்பு மாதிரி தண்ணீரை இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்து மெல்லிய சல்லடை உணவைப் பிடித்துக்கொள்ளும். சிறு பூநாரைக்கு நீலப்பச்சைப் பாசிதான் முக்கிய உணவு. பெரும் பூநாரை சேற்றுக்குள் இருக்கும் சின்ன இறால், பூச்சி, புழுக்களைச் சலிக்கும். ரோஜா நிறம் வருவது பாசியிலும் இறாலிலும் இருக்கும் நிறமியிலிருந்து. சாம்பல் நிறத்தில் நிற்பவை இளம் பறவைகள், அவற்றுக்கு இன்னும் நிறம் ஏறவில்லை.

பாசி இவ்வளவு செழிக்க ஒரு காரணம் நகரத்துச் சாக்கடை நீர் கொண்டுவரும் சத்துகள் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்டு யாரும் நிம்மதி அடைய வேண்டாம். அதே தண்ணீரோடு ஆலைக்கழிவும் வருகிறது. வண்டல் படிந்து சேற்றுத்திட்டு மேடாகிக்கொண்டிருக்கிறது. மேடான இடத்தில் அலையாத்தி ஏறிவிட்டால் பூநாரைக்கு அங்கே மேய இடமில்லை.

இவை இங்கே முட்டையிடுவதில்லை. குஜராத்தின் கட்ச் பாலைச் சதுப்பில் சேற்றைக் கூம்பாகக் குவித்து, ஒரே ஒரு முட்டை இடும். நம் ஊரில் கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் பார்த்திருப்பீர்கள். பயணம் பெரும்பாலும் இரவில். 2024 மே மாதம் ஓர் இரவில் காட்கோபர் மேலே பறந்த கூட்டம் தரையிறங்கிக்கொண்டிருந்த விமானம் ஒன்றில் மோதி, முப்பதுக்கும் மேற்பட்ட பூநாரைகள் வீடுகளுக்கு நடுவே விழுந்து கிடந்தன. அந்தப் படங்களை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

பூநாரையோடு நிறுத்திவிடாதீர்கள். கம்பி மாதிரி சிவந்த நெடுங்காலோடு நிற்பது நெடுங்கால் உள்ளான். கோடையில் உப்பளத்தில் முட்டையிடவும் செய்யும், அதனால்தான் வரப்பில் நடக்காதீர்கள் என்கிறேன். நீண்ட நேரான அலகு, பறக்கும்போது வால்நுனியில் கறுப்புப் பட்டை என்றால் கருவால் மூக்கன். அரிவாள் போலக் கீழே வளைந்த மிக நீண்ட அலகு என்றால் கோட்டான் (ஆந்தை இல்லை, கரைப்பறவை). ஆரஞ்சுக் காலோடு 'ட்யூ ட்யூ' என்று எல்லோரையும் எச்சரித்துக்கொண்டு எழும்பினால் பவளக்காலி. சிட்டுக்குருவி அளவில் நூற்றுக்கணக்கில் ஓடினால் கொசு உள்ளான். கம்பத்தின் மேல் உட்கார்ந்து மீனைக் கிழித்துக்கொண்டிருக்கும் பெரிய பருந்து விராலடிப்பான். முதல் நாளில் இந்த ஆறு போதும்.

ஏழாம் படி: உப்பும் மனிதர்களும்

ஆறுமுகநேரியிலிருந்து வந்திருந்த என் அத்தையை ஒரு பிப்ரவரி மாதம் பாண்டூப் சாலைக்கு அழைத்துப் போனேன். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் நின்றுவிட்டாள். "ஏல, இது அளம்லா! பம்பாய்லயுமா அளம் இருக்கு?" என்றாள். இருபது வருஷம் உப்பு வாரிய கை அது. வரப்போரம் குந்தி, பாத்தியின் தண்ணீரை உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னும் வாரக்கூடாது, தண்ணி கட்டிக்கிட்டு வருது, ரெண்டு மூணு நாளு ஆவட்டும்" என்றாள். கொஞ்சம் தள்ளி நின்ற, உப்பு விளைவிக்கும் ஆக்ரி சமூகத்துப் பெரியவரிடம் அதையே மொழிபெயர்த்துக் கேட்டேன். "பரோபர்", சரிதான் என்று தலையாட்டினார்.

தூத்துக்குடிக் கரையிலும் மும்பைக் கரையிலும் வேலை ஒன்றுதான். உதான் நாளின் ஏற்றத்தில் மதகைத் திறந்து கடல்நீரைப் பெரிய தேக்கத்தில் பிடிப்பார்கள். அங்கிருந்து ஒவ்வொரு பாத்தியாக நகர்த்துவார்கள், வெயிலும் காற்றும் நீரைக் குறைக்கும். உப்பின் அடர்த்தியை அளக்கும் டிகிரிக் கணக்கில் (வெப்பம் அல்ல) கடல்நீர் மூன்று, மூன்றரை டிகிரியில் தொடங்கி 25 டிகிரியைத் தொட்டதும் உப்பு பூக்கும். 29 டிகிரி தாண்டினால் மிஞ்சுவது கசப்பு நீர், அதை வெளியேற்றாவிட்டால் உப்பு கசந்துவிடும். உப்பு வாருவது ஜனவரிக்குப் பிறகு தொடங்கி மழை வரும்வரை. அடர்ந்த பாத்தி நீர் சில நாள் ரோஜா நிறமாகும். அதற்குக் காரணமான நுண்ணுயிர்களில் இருப்பதும் பூநாரைக்கு நிறம் கொடுக்கும் நிறமி வகைதான்.

இங்கே உப்பளத்துக்கு 'மிட்டாகர்' என்று பெயர். பரம்பரையாக உப்பு விளைவித்தவர்கள் ஆக்ரி சமூகத்தார், கழியில் மீன் பிடித்தவர்கள் கோலிகள். கோலிப் பெண்கள் இன்றும் வற்ற நேரத்தில் சேற்றில் இறங்கிச் சிப்பி பொறுக்குவதைப் பார்க்கலாம். ஆவணி அவிட்டம் வரும் அதே பௌர்ணமியில் அவர்களுக்கு நாரளி பூர்ணிமா. கடலுக்குத் தேங்காய் விட்டு, மறுபடி படகு இறக்குவார்கள். அன்று மாஹூல், டிராம்பே, தாராவிக் கோலிவாடாக்களுக்குப் போய்ப் பாருங்கள், வரவேற்பார்கள்.

1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்ததை நாம் பள்ளியில் படித்தோம். அதே கோடையில் மும்பையில் வடாலா உப்பளத்துக்குள் ஆயிரக்கணக்கானவர்கள் திரும்பத் திரும்ப நுழைந்து, தடியடி பட்டு உப்பு அள்ளினார்கள். வடாலாவில் எத்தனை தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன! பிள்ளைகளிடம் இதைச் சொல்ல வேண்டாமா?

கோட்டைகளையும் விடாதீர்கள். சிவ்ரிக் கோட்டையை 1680-ல் ஆங்கிலேயர் கண்காணிப்புக்காகக் கட்டினார்கள். 1689-ல் ஜஞ்சிராத் தீவுக் கோட்டையின் கடற்படைத் தலைவர் சித்தி யாகூத் கான் அதைப் பிடித்தார். படகுத்துறைக்குப் போகும் நாளில் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பினால் கோட்டை மேலிருந்து சேற்றுவெளியின் முழு வடிவமும் தெரியும். தாராவியில் இருக்கும் ரீவா கோட்டையை நாங்கள் காலா கில்லா என்போம். 1737-ல் ஆளுநர் ஜான் ஹார்ன் உத்தரவில் கட்டியது என்று அதன் கல்வெட்டே சொல்கிறது. மித்தி நதியின் சதுப்பைக் காவல் காக்க எழுந்த கோட்டை இன்று வீடுகளுக்கு நடுவே நிற்கிறது.

எட்டாம் படி: கவனமும் கடமையும்

சேற்றில் இறங்காதீர்கள். மேலே காய்ந்த மாதிரி தெரியும், இடுப்பு வரை இழுக்கும், அதற்குள் ஏற்றம் வந்துவிடும். பழைய ஷூ, தொப்பி, கொசு மருந்து, இரண்டு லிட்டர் தண்ணீர். மங்கிய நிறச் சட்டை. தொலைநோக்கி வாங்குவதானால் 8×42 போதும், அதைவிடப் பெரியது கையில் நடுங்கும். பறவைகள் மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கினால் நாம் அளவுக்கு மீறிக் கிட்டே வந்துவிட்டோம், பின்வாங்குங்கள். படத்துக்காகக் கல்லெறிந்து கூட்டத்தைப் பறக்கவிடுபவர்களைப் பார்த்தால் தயவுசெய்து தடுங்கள்.

அலையாத்தியை வெட்டுவதையோ கட்டிட மண் கொட்டுவதையோ பார்த்தால், இடம் தெரியும்படி படம் எடுத்து வனத்துறையின் சதுப்புநிலப் பிரிவுக்கு அனுப்புங்கள். 2005-ல் மும்பை உயர் நீதிமன்றம் அலையாத்தி அழிப்பைத் தடுத்து, அதிலிருந்து 50 மீட்டருக்குள் கட்டுமானம் கூடாது என்றது. 2018-ல் அலையாத்தியை அழிப்பது மக்களின் அடிப்படை உரிமையை மீறுவது என்றே தீர்ப்பு தந்தது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது, கூச்சப்படாமல் எழுதுங்கள்.

இதில் நம் ஜனத்தின் சொந்த விஷயமும் கலந்திருக்கிறது. 2024 செப்டம்பரில் காஞ்சூர்மார்க், பாண்டூப், முலுண்டுப் பகுதியின் சுமார் 256 ஏக்கர் உப்பள நிலத்தைத் தாராவி மறுசீரமைப்பில் வாடகை வீடுகள் கட்ட ஒதுக்க மாநில அமைச்சரவை ஒப்புதல் தந்தது. நெடுஞ்சாலை போட்ட பிறகு அந்த நிலத்துக்குக் கடல்நீரே வருவதில்லை என்பது அரசுத் தரப்பின் வாதம். கடல்நீர் வராமல் போனாலும் மழைநீர் அங்கேதான் தேங்குகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. கொட்டியது, பிற்பகலில் கடலும் ஏற்றத்தில் இருந்தது. மித்தி திரும்பி எங்கள் தெருவுக்குள் வந்த இரவை நான் மறக்கவில்லை. தாராவிக்காரனுக்கு நல்ல வீடு வேண்டும், அதுவும் பிழைப்பு இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வேண்டும். வெள்ளம் நிற்க வேண்டிய பள்ளத்தில் அவனைக் கொண்டுபோய் வைக்கக் கூடாது என்பது என் எண்ணம். நீங்களும் ஒரு முறை மழைக்காலத்தில் நெடுஞ்சாலை ஓரத்திலிருந்து அந்த நிலத்தைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

கடைசிப் படி: ஒரு நோட்டு

பார்த்ததை எழுதி வையுங்கள். தேதி, திதி, இடம், ஏற்ற நேரம், பறவை, எண்ணிக்கை. கூட்டம் பெரிதாக இருந்தால் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து, அதையே அளவுகோலாக வைத்து மொத்தத்தை மதிப்பிடுங்கள். பறவைப் பதிவுகளுக்கான இபேர்ட் செயலியில் ஏற்றினால் ஆய்வாளர்களுக்கும் உதவும். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், புதியவர்களையும் சேர்த்துக்கொள்வார்கள். அதே மாதம் தமிழ்நாட்டில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. ஊரில் இருக்கும் தம்பி தங்கைகள் அங்கே எண்ணும்போது நாம் இங்கே எண்ணலாம், பொங்கலன்று காலை பதினைந்து நிமிஷம் போதும்.

மாதிரிக்கு என் நோட்டில் ஒரு பக்கம்:

மாசி, தேய்பிறை ஏகாதசி. சிவ்ரி. ஏற்றம் இரவு 8.15. மாலை 4.50-க்குச் சிறு பூநாரை சுமார் 400, சாம்பல் நிற இளம் பறவைகள் 30. கருவால் மூக்கன் 60. விராலடிப்பான் 1, வாயில் மடவை மீன். தண்ணீர் படகுத்துறைக் கல்லைத் தொட்டது 6.25. கடைசிக் கூட்டம் மாஹூல் பக்கம் எழுந்து போனது 6.40.